வீட்டுக் கணக்கு: அடிமாட்டு விலைக்குக் கேட்டால்...

சென்ற இதழில் பழைய பட்டுப் புடவைகளை விற்பது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு நாலைந்து சகோதரிகள் ஒரே மாதிரி கேட்டிருக்கிறார்கள். "வீட்டில் பழைய வெள்ளிக் காசு கிடக்கிறது. செல்போனில் படம் போட்டால் வாய் கூசாமல் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?" என்கிறார்கள். இதற்குப் பதில் சொல்ல நான் பொருத்தமான ஆள்தான். 2023-இல் இந்த விஷயத்தில் செய்யக் கூடாததை எல்லாம் செய்துவிட்டு, அப்புறம்தான் செய்ய வேண்டியதைக் கற்றுக்கொண்டேன்.

என் மாமியாருக்குக் காது மந்தமாகிவிட்டது. காதுக்கு மெஷின் வைத்தால் நன்றாகக் கேட்கும் என்றார் டாக்டர். விலையைக் கேட்டதும் எங்களுக்குத்தான் காது அடைத்தது. இரண்டு நாள் கழித்து அத்தை தன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்து என் மடியில் கொட்டினார். ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் பதினான்கு. கூடவே ஓட்டைக் காலணா, தாமரைப் பூப் போட்ட இருபது பைசா என்று ஒரு கைப்பிடி சில்லறை.

"இதை வித்துடும்மா. காதே கேக்கலை, காசுச் சத்தம் மட்டும் எதுக்கு?" என்றார்.

அவருடைய மாமியார் கொடுத்த காசு அது. நமக்கு அப்படிப்பட்ட பொருளை எவனோ முகம் தெரியாதவன் "நானூறு தரேன்" என்று கேட்டால் வயிறு எரியாதா? எரிந்தது. படம் போட்டு அரை மணி நேரத்தில் முதல் ஆள் கேட்டது ரூபாய்க்கு நானூறு. அடுத்தவர், "பதினாலும் சேர்த்து ஏழாயிரம், இப்பவே வரேன்" என்றார். இன்னொருவர் வணக்கம்கூடச் சொல்லாமல் "கடைசி விலை?" என்று ஒற்றை வார்த்தை. நான்காவதாக வந்தவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். "அம்மா, இதில் ஐந்து காசு கழுவின காசு. அதற்கு 750-க்கு மேல் போகாது" என்று எழுதினார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "கழுவினால் சுத்தமாகத்தானே இருக்கும்? அழுக்குக்கு அதிக விலையா? ஏமாற்றுவதற்கு வேறு ஆளைப் பாருங்கள்" என்று பதில் போட்டேன்.

ஏன் கழுவினேன் என்று கேட்கிறீர்களா? படத்தில் பளிச்சென்று தெரியட்டும் என்று குத்துவிளக்குக்குப் போடுகிற மாதிரி புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்திருந்தேன். ஐந்து தேய்ப்பதற்குள் குக்கர் விசில் வந்ததால் மற்றவை தப்பித்தன.

அந்த மாதமே திருச்சியில் ஒரு நாணயக் கண்காட்சி நடந்தது. பையை எடுத்துக்கொண்டு போனேன். மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் காசுகளை ஓரத்தைப் பிடித்து, பூதக் கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்தை மட்டும் தனியே ஒதுக்கினார். "யாரும்மா இதைத் தேய்ச்சது?" என்றார். அந்த மங்கின சாம்பல் நிறம் எத்தனையோ வருஷம் காற்றுப் பட்டு வந்த தோல் மாதிரியாம். சேகரிக்கிறவர்கள் விரும்புவதே அதைத்தானாம். தேய்த்தால் கீறல் விழும். அப்புறம் அது வெறும் வெள்ளி எடைக்குத்தான் போகும் என்றார். என்னிடம் திட்டு வாங்கிய மனிதர் சொன்னதும் அதேதான்!

ஆகவே சகோதரிகளே, குறைத்துக் கேட்டவுடன் கோபப்படுவதற்கு முன்னால் நம் கையில் இருப்பது என்ன என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெரியவர் கற்றுக்கொடுத்த கணக்கை அப்படியே எழுதுகிறேன். 1939 வரைக்குமான பிரிட்டிஷ் வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. சுத்த வெள்ளி மட்டும் 10.69 கிராம் வரும். 1940 முதல் 1945 வரை போட்ட ரூபாயில் பாதிதான் வெள்ளி, 5.83 கிராம். பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும், வருஷத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். 1947-ஆம் வருஷ ரூபாய் நிக்கல். காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், வெள்ளியே கிடையாது.

அன்றைய வெள்ளி விலையை இந்த எடையோடு பெருக்குங்கள். நான் விற்றபோது கிராம் சுமார் 75 ரூபாய். ஆக ஒரு முழு வெள்ளி ரூபாய்க்கு 800 வந்தது. அதற்கப்புறம் வெள்ளி எங்கேயோ ஏறிப் போய்விட்டது. அதனால் என் தொகையைப் பார்க்காதீர்கள், கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் செய்யுங்கள். பக்கத்து நகைக்கடையில் நேரில் கேளுங்கள். பேப்பரில் போட்டிருக்கும் விலையை அவர்கள் கொடுக்க மாட்டார்கள், கழிவு பிடிப்பார்கள். எனக்கு 700 என்றார்கள். அந்த 700-தான் என் தரை. அதற்குக் கீழே எவர் கேட்டாலும் பேச்சே இல்லை. நடந்து போனால் தெருமுனையிலேயே கிடைக்கிற பணத்தை விட்டுவிட்டு முகம் தெரியாதவரிடம் ஏன் இறங்க வேண்டும்?

இந்த ஒரு எண் கைக்கு வந்ததும் பாருங்கள், என் கோபம் போன இடம் தெரியவில்லை. நானூறு கேட்டவருக்கு, "நன்றிங்க. நகைக்கடையிலேயே எழுநூறு தர்றாங்க. நான் எதிர்பார்ப்பது ஆயிரம். முடிஞ்சா சொல்லுங்க" என்று எழுதினேன். அவ்வளவுதான். திட்டவில்லை, கெஞ்சவில்லை, மாமியார் காதைப் பற்றிச் சொல்லவில்லை. அவசரம் என்று தெரிந்தால் இன்னும் நூறு குறைப்பார்கள். நம் வீட்டுக் கஷ்டம் நம் வீட்டோடு இருக்கட்டும். நானூறுக்காரர் பதிலே போடவில்லை. அப்படிப்பட்டவர்கள் படம் போடுகிற எல்லோருக்கும் அதே நானூறைத் தூவிக்கொண்டு போகிறவர்கள், பத்தில் ஒன்று மாட்டாதா என்று.

ஏழாயிரத்துக்கு மொத்தமாகக் கேட்டவர் சங்கதி வேறு. "ஏழாயிரம்" என்று சேர்ந்து வரும்போது காதுக்கு இனிப்பாக இருக்கிறது. பென்சிலும் காகிதமும் எடுத்தேன். எங்களிடம் முழு வெள்ளி பதினொன்று, பாதி வெள்ளி மூன்று. வெள்ளி மட்டுமே பத்தாயிரத்தைத் தொட்டது. மொத்தமாகக் கேட்டால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஒரே ஒரு நல்ல காசை மட்டும் கேட்டால் உஷாராகுங்கள். கீரைக்கட்டில் இளசை மட்டும் கிள்ளிக்கொண்டு போன பிறகு மிச்சத்தை யார் வாங்குவார்கள்?

வியாபாரி குறைத்துக் கேட்பதில் நியாயமும் உண்டு. அவர் அதை மாதக்கணக்கில் வைத்திருந்து, ஊர் ஊராகக் கண்காட்சிக்குத் தூக்கிப் போய் விற்க வேண்டும். அவருக்கும் வீடு, வாடகை இல்லையா? அவரிடம் சேகரிப்பாளர் விலையை எதிர்பார்ப்பது நம் தப்பு.

உண்மையில் நாம் பயப்பட வேண்டியது அதிகமாகக் கேட்கிறவர்களைக் கண்டுதான். தாமரை இருபது பைசாவைப் பார்த்துவிட்டு ஒருவர், "ஒரு லட்சம் தருகிறேன், பதிவுக் கட்டணம் இரண்டாயிரம் மட்டும் முதலில் கட்டுங்கள்" என்றார். 1968 முதல் 1971 வரை ஏராளமாக அடித்த காசு அது. யார் லட்சம் தருவார்கள்? எங்கள் தெருவில் ஒரு அம்மா இதே மாதிரி பேச்சை நம்பி 3,500 ரூபாயைப் பறிகொடுத்து, வீட்டுக்காரரிடம் சொல்லவும் முடியாமல் என்னிடம் வந்து அழுதார். பழைய காசு வாங்க, விற்க என்று தன் பெயரைச் சொல்லிக் கட்டணமோ கமிஷனோ வரியோ வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டிருக்கிறது. நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ ரகசிய எண்ணைப் போட வேண்டியதே இல்லை. எண்ணைப் போடச் சொன்னாலோ, ஒரு கட்டத்தை ஸ்கேன் செய்யச் சொன்னாலோ போனை வைத்துவிடுங்கள். பணம் அனுப்பியதாக வரும் படத்தையும் நம்பாதீர்கள். வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் தபாலாபீசுக்குக் கிளம்ப வேண்டும். ஸ்பீடு போஸ்ட்டில் இன்ஷ்யூர் செய்து அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து நல்ல விலைக்குக் கேட்டாலும் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசை அனுப்பிவிடாதீர்கள். 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி நாம் அதை ஏற்றுமதி செய்யக் கூடாது.

தேய்த்த ஐந்து என்ன ஆயிற்று? நான் திட்டினேனே, அவருக்கே வெட்கத்தை விட்டு எழுதினேன். "நீங்க சொன்னதுதான் சரி. புளி போட்டுத் தேய்ச்சது நான்தான்" என்றேன். இதுதான் சாக்கு என்று அவர் 600-க்கு இறங்கியிருக்கலாம். அந்த 750-க்கே எடுத்துக்கொண்டார். தேய்க்காத ஐந்து ஆயிரம் வீதம் கண்காட்சிப் பெரியவரிடம் போயிற்று. பாதி வெள்ளி மூன்றும் தலா நானூறு. ஆக 9,950. மெஷினுக்கு மீதியை இவர் போட்டார்.

1912-ஆம் வருஷ ரூபாய் ஒன்று இன்னும் இருக்கிறது. அதற்கு முந்தைய 1911 ரூபாயில் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் உள்ள யானை பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருக்கிறது என்று பெரிய சலசலப்பாகி, சர்க்கார் அந்தக் காசைத் திரும்ப வாங்கி, அடுத்த வருஷம் யானையைத் திருத்திப் போட்டது. அதனால் 1911-க்குத்தான் கிராக்கி. நானும் என் பையனும் கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தோம். எங்களுடையது சுத்தமான யானைதான்! அதை அத்தையே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஓட்டைக் காலணா ஒன்றைப் பள்ளிக்கூடப் பையன் ஒருவன், "ஆன்ட்டி, என்கிட்ட இருபது ரூபாதான் இருக்கு" என்று போனில் கேட்டான். சரி என்றேன். மெஷின் வைத்து நான்கு நாள்கூட ஆகவில்லை, அடுக்களையில் நான் மெல்லத்தான் பேசினேன். கூடத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது:

"இருபது ரூபாய்க்கா குடுத்தே?"