ஆபரேஷனுக்குப் போகுமுன் மாத்திரையை மறைக்காதீர்கள்



இந்த மாதம் இரண்டு நோய்களைச் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது. ஒன்று உடல் பருமன். மற்றொன்று, லயத்தில் நாம் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் மனநோய். இரண்டும் ஒரே ஆளுக்கு இருந்தால், "வயிற்றைச் சின்னதாக்குகிற ஆபரேஷன் செய்துக்கலாமா டிரசர் ஐயா?" என்ற கேள்வி வருகிறது. குளுவாங் வட்டாரத்தில் இதை என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டவர்கள் உண்டு.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகுதியிருந்தால் செய்துகொள்ளலாம். மனநோய் இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் கதவைச் சாத்த முடியாது. ஆனால் அந்த நோயையும் அதற்குச் சாப்பிடும் மாத்திரையையும் அறுவை டாக்டரிடம் மறைத்துவிட்டுப் போய்ப் படுக்கக் கூடாது. அது உயிரோடு விளையாடுகிற விளையாட்டு.

நான் சொல்வது 'பைபோலார்' என்ற நோய். சில வாரம் தூக்கமே இருக்காது; பேச்சு நிற்காது; கையில் காசில்லாமலே காடி வாங்கப் போவார்கள். பிறகு சில வாரம் பெரட்டுக்கு எழுந்து வரவும் தெம்பு இருக்காது. இதைப் பேய் என்பார்கள், செய்வினை என்பார்கள். அதுவும் இல்லையென்றால் "தம்போய்க்கு அனுப்பு" என்பார்கள். தம்போயில் 1937-ல் திறந்த மனநோய் ஆஸ்பத்திரிக்கு இன்று பெர்மாய் என்று பெயர். ஊர்ப் பெயரே ஏச்சு வார்த்தையாகிவிட்டது, பாருங்கள்! பிறகு யார் வெளியே சொல்வார்கள்? கோயிலுக்குப் போகட்டும், நான் தடுக்கவில்லை. மாத்திரையையும் சாப்பிடட்டும்.

அந்த மாத்திரைகளில் பல எடையைக் கூட்டும். ஒலான்சபின், குவெட்டியாபின், வால்புரோவேட், லித்தியம் எல்லாமே அந்தக் கூட்டம்தான். ஒலான்சபின் மிகவும் மோசம். பசியும் தாகமும் கூடுகிறது. 2023-ல் நம் நாட்டில் எடுத்த சுகாதாரக் கணக்குப்படி, பெரியவர்களில் நூற்றுக்கு 54 பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருக்கிறார்கள். ரொட்டி சானாயும் பால் டின் ஊற்றிய தேயும் சும்மா இருக்குமா? இதற்கு மேல் மாத்திரையும் சேர்ந்தால் ஆள் ஊதித்தான் போவார். அவரைப் பார்த்து "தின்னு தின்னு கெட்டுப் போச்சு" என்று சொல்வது அநியாயம். அந்தச் சொல்லுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் பலர். நிறுத்தினால் நோய் திரும்புகிறது. அதனால் ஆபரேஷன் கேட்டு வருகிறவரை அழகுக்கு ஆசைப்படுகிறார் என்று நினைக்காதீர்கள்.

ஆபரேஷன் பெரும்பாலும் இரண்டு விதம். ஒன்றில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். வெட்டியது திரும்ப வளராது. மற்றொன்றில் சின்னப் பையாக்கி, குடலைச் சுருக்குப் பாதையில் இணைப்பார்கள். இரண்டிலும் ஆயுள் முழுக்க வைட்டமின் சாப்பிட வேண்டும். யாருக்குப் பொருந்தும்? எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்துப் பாருங்கள். 90 கிலோ எடை, 1.55 மீட்டர் உயரம் என்றால் 37-க்கு மேல் வரும். 2022-ல் உலக அறுவை டாக்டர் சங்கங்கள் 35-க்கு மேல் உள்ளவர்களுக்கு ஆபரேஷனைச் சிபாரிசு செய்தன. ஆசியர்களான நமக்கு 27.5 இருந்தாலே யோசிக்கலாம் என்றன. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கணக்கு வேறுபடலாம்.

பைபோலார் உள்ளவர்களுக்கு என்ன ஆனது? அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஆபரேஷன் செய்துகொண்ட 144 பேரைக் கவனித்து 2013-ல் எழுதினார்கள். ஆபரேஷன் செய்யாதவர்களைவிட இவர்கள் மனநோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்தது அதிகமில்லை. நல்ல சேதிதான். ஆனால் கனடாவில் ஒன்டாரியோவில் 8,815 பேரைப் பார்த்து 2016-ல் வந்த கணக்கு வேறு ஒன்றைச் சொல்கிறது. ஆபரேஷனுக்குப் பின் மூன்று ஆண்டுகளில், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்த சம்பவங்கள் முன்னைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்காயின. எடை குறைந்துவிட்டது, இனி கவலையில்லை என்று வீட்டார் கண்ணை எடுத்துவிடக் கூடாது.

இனி லித்தியம். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஆபத்து இங்கேதான் அதிகம். இந்த மருந்தின் குணத்தைக் கண்டு சொன்னவர் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய டாக்டர். நம் பெரியவர்களைச் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துப் போன அதே ஜப்பான்காரன் காலத்தில், இவர் சிங்கப்பூர் சாங்கியில் போர்க்கைதியாகக் கிடந்தார். ஊர் திரும்பி, வெறி ஏறிய பத்து நோயாளிகளுக்கு லித்தியம் கொடுத்து 1949-ல் எழுதினார். அவர் முதலில் குணப்படுத்திய ஆள் நன்றாகி வீட்டுக்குப் போனார். அடுத்த ஆண்டே லித்தியம் விஷமாகி இறந்தார். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இடைவெளி அவ்வளவு குறுகல். அதனால்தான் இன்று இரத்தத்தில் அளவு பார்க்கிறார்கள்.

லித்தியம் ஒரு வகை உப்பு. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால், சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்து வைக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மடக்கு ஒரு மடக்காகத்தான் குடிக்க முடியும். வாந்தி வரும், வயிற்றுப்போக்கு வரும். ஆறிய பின் செம்பனைக் காட்டுக்குத் திரும்பினால் வியர்வை ஊற்றும். பழைய அளவு மாத்திரையே விஷமாக இதைவிட வேறென்ன வேண்டும்? ஆகவே முதல் சில மாதம் அடிக்கடி இரத்தம் சோதிக்க வேண்டும். மனநல டாக்டர் மாத்திரையின் அளவை மாற்ற வேண்டிவரலாம். மெதுவாகக் கரையும் மாத்திரைகள் சின்ன வயிற்றில் சரியாகச் சாராமலும் போகலாம், அதையும் கேளுங்கள். வலிக்கு பொன்ஸ்தான், டைக்ளோஃபினாக் என்று கடையில் வாங்கிப் போடாதீர்கள்; அவை லித்தியத்தை ஏற்றிவிடும்.

கை வெடவெடவென்று நடுங்கினாலோ, நாக்குக் குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, வாந்தி பேதி நிற்காமல் போனாலோ, என் கிளினிக் வாசலில் நம்பர் எடுத்துக் காத்திருக்காதீர்கள். குடித்திருக்கிறான் என்று நினைத்துப் போர்த்திப் படுக்க வைக்கவும் வேண்டாம். நேரே குளுவாங் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 'லித்தியம்' என்ற ஒரு வார்த்தையை அங்கே சொல்லுங்கள், போதும்.

குடியைப் பற்றிச் சொன்னேனே. குடல் பாதையை மாற்றியவருக்கு பீரோ சம்சுவோ முன்னைவிட வேகமாக ஏறும், அதிகமாகவும் ஏறும். முன்பு குடிக்காதவர்கள்கூட இரண்டாம் ஆண்டில் பழகிவிடுவது உண்டு.

எப்போது முடிவு செய்வது? மனசு உயரப் பறக்கும் வாரத்தில் வேண்டாம். அந்த வாரத்தில் மனுஷன் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவான். ஆ லோங்கிடம் கடன் வாங்கித் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். மனசு பாதாளத்தில் கிடக்கும் வாரத்திலும் வேண்டாம். தூக்கம் சீராகி, வேலைக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் மாதங்களில், மனைவியோ மகனோ பக்கத்தில் இருக்க, பேசி முடிவெடுங்கள். அதற்கு முன் மனநல டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எடை கூட்டாத வேறு மாத்திரை எனக்குச் சரிப்படுமா? மெட்ஃபார்மின் சேர்த்துப் பார்க்கலாமா? சிலருக்கு இதிலேயே கத்திக்கு வேலை இல்லாமல் போகும். நீங்களாகவே மாத்திரையை நிறுத்திப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது.

லீவு கேட்டால் வேலை போகும் என்று சிலர் பயப்படுகிறார்கள். 1955-ம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சேவைக் காலத்துக்கு ஏற்ப ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் அதற்கு 60 நாள். 2023 முதல் இது தனிக் கணக்கு. மனநோய்க்கான எம்.சி. வேறு சாதி எம்.சி. இல்லை. மண்டோர் முகத்தைச் சுளித்தால் சங்கத் தலைவரிடம் சொல்லுங்கள்.

அறுவை டாக்டரைப் பார்க்கும் நாளில் மாத்திரைப் பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. வீட்டில் இருக்கிற பொட்டலங்களை எல்லாம், சாமி அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தது உட்பட, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மனநலக் கிளினிக் அட்டையையும் சேர்த்து அவர் மேசை மேல் வையுங்கள்.