பந்து திரும்பி வருமா?

போன வாரம் மகள் தன் இயற்பியல் தேர்வுத் தாளைச் சாப்பாட்டு மேசையில் போட்டாள். படிவம் நான்கில் படிக்கிறாள். "அறிவியல் பிரிவே வேணாம்ப்பா, மாறிக்கிறேன். சூத்திரத்தைச் சரியாப் போட்டும் தப்புன்னு போட்டிருக்காங்க" என்றாள். குரலில் கோபத்தைவிடச் சோர்வுதான் அதிகம்.

கேள்வி காற்பந்தைப் பற்றியது. ஒரு வீரர் புல் திடலில் பந்தை முன்னால் உருட்டிவிட்டு, அதே நொடியில் பின்னாலேயே ஓடுகிறார். பந்தின் தொடக்க வேகம் நொடிக்கு 12 மீட்டர். அந்த வேகம் நொடிக்கு நொடி 2 மீட்டர் வீதம் குறைகிறது. இதைத்தான் சீரான எதிர்முடுக்கம் என்கிறார்கள். வீரரோ நொடிக்கு 4 மீட்டர் என ஒரே வேகத்தில் ஓடுகிறார். எத்தனை நொடியில் பந்தைப் பிடிப்பார்?

பந்து போன தூரமும் வீரர் ஓடிய தூரமும் சமம் என்று சமன்பாடு எழுதி, 8 நொடி, 32 மீட்டர் என்று விடை கண்டிருந்தாள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கணக்கில் பிழையே இல்லை.

பள்ளிப் பாடம் எனக்கு மறந்து பல வருடம். தோட்டத் திடலில் பந்தை விரட்டி ஓடியது மட்டும் மறக்கவில்லை. "சூத்திரத்தை மூடி வைம்மா. நீ திடல்ல நிக்கிற. ஒவ்வொரு நொடியும் பந்தோட வேகம் என்னன்னு சொல்லு" என்றேன்.

"12, 10, 8, 6, 4, 2..." விரல்விட்டு எண்ணியவள் ஆறாவது நொடியில் நிறுத்தினாள். "பந்து நின்னுடுச்சேப்பா!"

ஆமாம். 12இல் தொடங்கிச் சுழியத்தில் முடிந்தால் சராசரி வேகம் 6. ஆறு நொடிக்கு 36 மீட்டர். அப்போது வீரர் 24 மீட்டரில்தான் இருப்பார். நின்றுவிட்ட பந்தை அடைய அவர் மொத்தம் 36 மீட்டர் ஓட வேண்டும். நொடிக்கு 4 மீட்டர் என்றால், 9 நொடி. அதுவே சரியான விடை.

அப்படியானால் 8 எங்கிருந்து வந்தது? பந்து நின்றது சூத்திரத்துக்குத் தெரியாது. ஆறு நொடிக்குப் பிறகும் அது வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகும். அதன் கணக்குப்படி, பந்து தானாகவே 4 மீட்டர் பின்னால் உருண்டு வந்து வீரரைச் சந்திக்கிறது! மேலே எறிந்த பந்து திரும்பி வரும், புவியீர்ப்பு அதை விடாமல் இழுப்பதால். புல்லின் தடையோ ஓடும் பந்தை நிறுத்தும், நின்ற பந்தைத் தள்ளாது.

உங்கள் பிள்ளைகளும் இப்படி ஒரு கணக்கோடு வந்தால், முதலில் பந்து நிற்கும் நேரத்தைக் கேளுங்கள். தொடக்க வேகத்தை, நொடிக்கு எவ்வளவு குறைகிறதோ அந்த எண்ணால் வகுத்தால் கிடைத்துவிடும். விடை அந்த நேரத்தைத் தாண்டினால், சூத்திரத்தை அப்படியே நம்பக்கூடாது.

மதிப்பெண் திரும்பக் கிடைக்காது. "அடுத்த தேர்வு வரைக்கும் பார்க்கிறேன்ப்பா" என்று சொல்லித் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எனக்கு அது போதும்.