டில்லிப் பாட்டும் வாழவந்தி வீடும்

'ராக்' இசை என்றதும் காதைப் பொத்திக்கொள்கிற சகோதரிகள் பலர் உண்டு. "கிதாரை வைத்துக்கொண்டு கத்துவார்களே, அதுதானே?" என்பார்கள். அவர்களுக்காகவே இந்த முறை என் அபிமானக் குழுவைப் பற்றி எழுதுகிறேன். பெயர் 'இண்டியன் ஓஷன்'. டில்லிக்காரர்கள்.

2000-ம் ஆண்டு வெளியான அவர்களுடைய 'கந்தீஸா' காஸெட்டை, டில்லியில் வேலை பார்த்த என் தம்பி வாங்கி வந்தான். அப்போது என் பெரியவன் கைக்குழந்தை. எங்கள் வாழவந்தியில் மழை பிடித்துக்கொண்டால் துணி காயாது, கரண்டும் இருக்காது. பாட்டரி போட்ட டேப்ரிக்கார்டர்தான் துணை. தலைப்புப் பாட்டு, கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் பாடி வரும் பழைய சிரியாக் மொழித் துதி. ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் அதைக் கேட்டால் அழுகிற பிள்ளை அடங்கிவிடும்! அதிலேயே 'மா ரேவா' என்று நர்மதை நதியைப் பற்றிய பாட்டு. கும்மி மாதிரி கை தானாகத் தாளம் போடும்.

ஸுஷ்மித் ஸென்னின் கிதாரும் அஷீம் சக்ரவர்த்தியின் தபலாவுமாக 1990-ல் ஆரம்பித்த குழு இது. பிறகு பேஸ் கிதாருடன் ராகுல் ராமும், டிரம்ஸுடன் அமித் கிலாமும் வந்தார்கள். 1997-ல் வந்த 'டெஸர்ட் ரெயின்' மேடையில் பதிவானது. அதில் வாத்தியங்களின் ராஜ்ஜியம்தான். 'கந்தீஸா'வில் குரல்கள் முன்னுக்கு வந்தன. 2003-ல் 'ஜீனி'. நம் சர்க்கரை இல்லை. இந்தியில் 'மெல்லிய' என்று பொருள். உடம்பை நெய்த துணியாகச் சொல்லும் கபீர்தாஸரின் பாட்டு. சேலத்துத் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த எனக்குப் பிடிக்காமல் போகுமா?

2009 டிசம்பர் 25-ம் தேதி அஷீம் காலமானார். தபலா வாசித்துக்கொண்டே பாடுகிறவர் அவர். "இனி இவர்கள் அவ்வளவுதான், அக்கா" என்றான் தம்பி. அவர்கள் நிறுத்தவில்லை. பாட ஹிமான்ஷு ஜோஷி, தபலாவுக்கு துஹீன் சக்ரவர்த்தி என்று ஒருவர் இடத்துக்கு இருவர் வந்தார்கள்.

எங்கள் வீட்டிலும் அந்தச் சமயத்தில்தான் மாமியார் தவறிப்போனார். சாம்பார்ப் பொடி, பிரசவ லேகியம் எல்லாம் அவர் கையால்தான். அப்புறம் பொடி எனக்கு, லேகியம் நாத்தனாருக்கு என்று பிரித்துக்கொண்டோம். ருசி கொஞ்சம் மாறத்தான் செய்தது. ஆனால் அவர் சொல்லிக்கொடுத்த பக்குவம் எங்கள் இருவரிடமும் இருந்தது. 2010-ல் வந்த '16/330 கஜூர் ரோடு' கேட்டபோது எனக்கு அதுதான் தோன்றியது. அவர்கள் ஒத்திகை பார்த்த வீட்டின் விலாசமே தலைப்பு. அதில் அஷீமின் குரல் இருக்கிறது. பாட்டுக்களை இண்டர்நெட்டில் ஒவ்வொன்றாக, இலவசமாகவே கொடுத்தார்கள்.

2013-ல் ஸுஷ்மித்தும் விலகினார். நிகில் ராவ் வந்தார். 2014-ல் 'தந்தானு'. ஏழு பாட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விருந்தாளி. நம்முடைய கஞ்சிரா செல்வகணேஷும் வயலின் குமரேஷும் அதில் உண்டு. இளவயதில் எல்லா இடத்தையும் தாங்களே நிரப்பியவர்கள், இப்போது அடுத்தவருக்கு இடம் விட்டு வாசிக்கிறார்கள். பக்குவம் என்பது இதுதானே! 2023-ல் 'தூ ஹை' வந்தது. கைக்குழந்தையாக இருந்தவன், எனக்கு முன்னால் கேட்டுவிட்டு போன் பண்ணினான்.

புதிதாகக் கேட்கிறவர்கள் 'கந்தீஸா', 'கஜூர் ரோடு', 'தந்தானு' என்ற வரிசையில் கேளுங்கள். மத்தியானம் அரை மணி நேரம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள்; வேலை எங்கும் ஓடிவிடாது. கைக்குழந்தை பக்கத்தில் இருந்தால் சத்தத்தைக் குறைத்தே வையுங்கள், பிஞ்சுக் காது.

கல்யாணத்துக்கு முன் உங்களுக்குப் பிடித்த பாடகர் யார்? அவர் இப்போது எப்படிப் பாடுகிறார்? கேட்டுப் பார்த்து எழுதுங்களேன்.