எடுத்த கிளிப்பும் எடுக்காத கிளிப்பும்

வீடியோ எடிட்டிங் மென்பொருள்களில், எந்த கிளிப்பை ஏற்கெனவே படத்தில் சேர்த்துவிட்டோம், எதைச் சேர்க்கவில்லை என்று காட்டும் வசதி இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் சிலர் அதை வேண்டாத காரியத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். வேலை முடிந்ததும், "சேர்க்காதவை" என்று அது காட்டுகிற அத்தனையையும் மொத்தமாக அழித்துவிடுகிறார்கள். அந்த அடையாளம் அதற்காக ஏற்பட்டதில்லை என்பது என் கட்சி.

இப்படி ஓர் அடையாளம் ஏன் தேவைப்பட்டது என்று முதலில் பார்ப்போம். பிலிம் காலத்தில் எடிட்டர் பாசிட்டிவ் பிரிண்டைக் கையால் வெட்டி ஒட்டினார். 35 எம்.எம். பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம்; நொடிக்கு 24 பிரேம் ஓடும். பிலிமின் ஓரத்தில் அடிக்கொரு எண் இருக்கும். உதவியாளர் அந்த எண்களை நோட்டில் குறித்துவைப்பார். வெட்டிய துண்டு படத்துக்குள் போய்விடும். மிச்சத் துண்டுகள் ஒரு பெட்டியின் மேல் வரிசையாகத் தொங்கும். எது போயிற்று, எது மிச்சம் என்று நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிடலாம்.

கம்ப்யூட்டரில் அது நடக்காது. டைம்லைனில் நாம் இழுத்துப் போடுவது கிளிப்பே அல்ல. "இந்தக் கோப்பில் 12-வது நொடியிலிருந்து 19-வது நொடி வரை காட்டு" என்கிற ஒரு குறிப்புதான். கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அதே ஏழு நொடியை நீங்கள் பத்து முறை போட்டாலும் கம்ப்யூட்டர் தடுக்காது.

இதற்குத்தான் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு வழி வைத்திருக்கிறது. ஃபைனல் கட் ப்ரோவில் 'வியூ' மெனுவுக்குள் 'யூஸ்டு மீடியா ரேஞ்சஸ்' என்று ஒன்று உண்டு. அதை இயக்கினால், கிளிப்பில் நாம் எடுத்த பகுதியின் அடியில் மட்டும் ஆரஞ்சுக் கோடு விழும். ப்ரீமியர் ப்ரோவில் பட்டியலாகப் பார்க்கும்போது, ஒரு கிளிப் எத்தனை முறை பயன்பட்டது என்று காட்டும் பத்தி இருக்கிறது. அவிட் மீடியா கம்போசரில் 'டூப் டிடெக்‌ஷன்' இருக்கிறது; ஒரே பிரேம் இரண்டு இடத்தில் வந்தால் டைம்லைனிலேயே நிறக்கோடு போட்டுக் காட்டிவிடும். காசு கொடுக்காமல் கிடைக்கும் கேடென்லைவிலும், சேர்க்காத கிளிப்களை மட்டும் தனியாகப் பார்க்கலாம்.

"என் வீட்டு விசேஷம், எனக்கு ஞாபகம் இருக்காதா?" என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். என் அண்ணனின் எண்பதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது. மூன்று போன், ஒரு கேமரா. மொத்தம் 212 கிளிப்கள். கலச அபிஷேகத்தில் மட்டும் 60-க்கு மேல். தம்பதி உட்கார்ந்திருக்கிறார்கள், மேலே சல்லடை, ஒவ்வொரு உறவாக வந்து கலசத் தண்ணீரை ஊற்றுகிறது. ஊற்றுகிற கை மட்டும்தான் மாறுகிறது. எந்த மாப்பிள்ளை ஊற்றியதைச் சேர்த்தோம், எந்தச் சித்தி ஊற்றியதை விட்டோம் என்று எந்த ஞாபகசக்தியும் சொல்லாது. ஒருவர் இரண்டு முறை வந்து இன்னொருவர் வராமலே போனால், அதற்கு மூன்று வருஷம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்! அடையாளத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் 26 நிமிஷப் படத்தை முடித்தேன்.

ஆனால் இந்த அடையாளத்துக்கு எல்லை உண்டு. அதற்குக் கோப்பைத் தெரியும், சம்பவத்தைத் தெரியாது. ஒரே வீடியோ போனிலிருந்து ஒரு பிரதி, வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான பிரதி ஒன்று என்று இரண்டு பெயரில் இருந்தால், அதன் கணக்கில் அவை இரண்டு கிளிப்கள். ஒன்றைச் சேர்த்திருப்பீர்கள், மற்றது "சேர்க்காதது" என்று நிற்கும். மூன்று நிமிஷக் கிளிப்பில் பத்து நொடி மட்டும் எடுத்திருந்தாலும், எண்ணிக்கை மட்டும் காட்டுகிற மென்பொருளில் அது "சேர்த்தது" ஆகிவிடும். மிச்ச 170 நொடி கணக்கிலேயே வராது. இந்தப் படத்தில் சேராத கிளிப் நீங்கள் வேறொரு நாள் செய்த படத்தில் இருக்கலாம். அதுவும் இங்கே தெரியாது.

வேறொரு பழக்கமும் இருக்கிறது. என் நண்பர் ஒருவர் மென்பொருளை நம்பாமல், சேர்த்த கிளிப்களை "முடிந்தது" என்று பெயரிட்ட ஃபோல்டருக்கு ஒவ்வொன்றாக நகர்த்தினார். மறுநாள் திறந்தால் டைம்லைன் முழுக்க "மீடியா ஆஃப்லைன்" என்று சிவப்பாக நின்றது. டைம்லைனில் இருப்பது குறிப்புதான் என்று சொன்னேன் அல்லவா? கோப்பு இருந்த இடம் மாறினால் அந்தக் குறிப்பு எங்கே போய்த் தேடும்? கிளிப்களை மறுபடி இணைத்து முடிக்க அவருக்கு ஒரு நாள் முழுக்க ஆயிற்று. அடையாளத்தை மென்பொருளுக்கு உள்ளேயே வைக்க வேண்டும். அதற்காகக் கோப்பைத் தொடக் கூடாது.

நான் 32 வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன். பணம் கொடுத்து முடித்த செக்கின் மேல் முத்திரை குத்துவோம். ஒரே செக்குக்கு இரண்டு முறை பணம் போய்விடக் கூடாது என்பதற்காக. முத்திரை விழுந்த செக்கும் கட்டாகக் கட்டப்பட்டு ரெக்கார்டு ரூமில் பல வருஷம் இருக்கும். முத்திரை விழாத செக்கைக் குப்பை என்று யாரும் கிழித்துப் போட்டதில்லை. அது இன்னும் பணம் கொடுக்க வேண்டிய செக்! வீடியோவில் மட்டும் இது தலைகீழாகிவிடுகிறது. முத்திரை விழாததை முதலில் கிழிக்கிறோம்.

இடம் போதவில்லை என்பதுதான் எல்லாரும் சொல்லும் காரணம். 4கே வீடியோ நிமிஷத்துக்குச் சில நூறு எம்.பி. வரை பிடிக்கிறது, உண்மைதான். அண்ணன் படம் முடிந்ததும் என் மகனும் இதைத்தான் சொன்னான். "அப்பா, 131 கிளிப் சேரவே இல்லை. எடுத்துடலாமே?" நான் வெளியே இணைக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் அதில் போட்டு பீரோவில் வைத்தேன்.

அடுத்த வருஷம் பெரியக்கா போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்தபின் அவள் மகள் கேட்டாள்: "மாமா, அம்மா பேசற மாதிரி ஏதாவது இருக்கா?" படத்தில் அக்கா இருக்கிறாள், கலசத் தண்ணீர் ஊற்றுகிறாள், சிரிக்கிறாள். ஆனால் அந்த இடம் முழுக்க நாதஸ்வரம் சேர்த்திருந்தோம். குரல் இல்லை. அப்போதுதான் அந்த 131-ஐ மட்டும் வடிகட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றில், சாப்பாட்டுக் கூடம். கேமரா ஆடுகிறது, பாதி நேரம் தூணும் முதுகும்தான். 22 நொடி. அதன் கடைசியில் அக்கா, படம் எடுக்கிற என் மகனைப் பார்த்து, "போனைக் கீழ வைடா, நீ இன்னும் சாப்பிடலை" என்கிறாள். நல்ல எடிட்டர் எவரும் சேர்க்க மாட்டார். நானும் சேர்க்கவில்லை. இன்று அவள் மகளுக்கு அந்த 26 நிமிஷத்தைவிட இந்த 22 நொடிதான் பெரிது.

ஆகவே என் யோசனை இதுதான். எடிட் செய்ய உட்காரும்போதே அந்த அடையாளத்தை இயக்கிவிடுங்கள். படம் முடிந்ததும் சேர்க்காதவற்றை மட்டும் வடிகட்டி, ஒரு முறை சத்தத்தோடு ஓடவிட்டுப் பாருங்கள். படம் ஆடினாலும் குரல் நன்றாக இருக்கலாம். வாட்ஸ்அப் பிரதி, பாக்கெட்டுக்குள் இருந்த போன் எடுத்த இருட்டு, தரையைக் காட்டும் கிளிப் — இவற்றை அழியுங்கள், பாவமில்லை. ஆள் பேசுகிற கிளிப் எதுவானாலும், எத்தனை மோசமாக இருந்தாலும், வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தனி டிஸ்க்கில் போட்டு, மேலே வருஷத்தையும் விசேஷத்தின் பெயரையும் எழுதி ஒட்டிவிடுங்கள். அந்தச் சீட்டை மட்டும் மென்பொருள் ஒட்டாது. நாம்தான் ஒட்ட வேண்டும்.