நம் செல்போனுக்குள் யாருடைய காது?

பெகாசஸ் என்ற பெயர் செய்திகளில் அடிபடும் வாரங்களில், ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும். "ஹஜ்ரத், நம்ம போனையும் ஒட்டுக் கேட்பாங்களா?" கேட்பவர் சிறு கடை வைத்திருப்பார், அல்லது மகனை சவூதிக்கு அனுப்பியிருப்பார். வாட்ஸ்அப்பில் மூன்று நீல டிக் வந்தால் அரசாங்கம் பார்த்துவிட்டதாக அர்த்தம் என்று யாரோ அனுப்பிய வதந்தியையும் காட்டுவார். அப்படி ஒரு டிக் கிடையாது. ஆனால் அவர் பயத்தைச் சிரித்து ஒதுக்கிவிடவும் முடியாது.

இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனம் தயாரித்த உளவு மென்பொருள்தான் பெகாசஸ். 2019இல் வாட்ஸ்அப்பின் அழைப்பு வசதியில் இருந்த ஓர் ஓட்டை வழியாக ஏறத்தாழ 1,400 பேரின் போன்கள் குறிவைக்கப்பட்டன. அழைப்பை எடுக்கக்கூட வேண்டியதில்லை. மணி அடித்தாலே போதும். 2021 ஜூலையில் வெளிவந்த எண்களின் பட்டியலில் இந்தியப் பத்திரிகையாளர்கள், எதிர்க்கட்சித் தலைவர்கள், மனித உரிமை ஆர்வலர்கள் இருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, அதைப் பயன்படுத்தினோமா இல்லையா என்று பிரமாணப் பத்திரத்தில் சொல்ல ஒன்றிய அரசு மறுத்துவிட்டது. நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு 29 போன்களைச் சோதித்தது. ஐந்தில் தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அரசு ஒத்துழைக்கவில்லை. 2022 ஆகஸ்டில் நமக்குத் தெரிய வந்தது இவ்வளவுதான்.

"வாட்ஸ்அப் பேச்சு பூட்டுப் போட்டது, யாரும் கேட்க முடியாது" என்று விளம்பரம் சொல்கிறதே என்பார்கள். அது பொய்யல்ல. அந்தப் பூட்டு பேச்சு போகிற வழிக்கு மட்டும்தான். கடிதத்தை எவ்வளவு நன்றாக ஒட்டி அனுப்பினாலும், எழுதும்போதே தோளுக்குப் பின்னால் ஒருவன் நின்று படித்தால் உறையால் என்ன பயன்? உளவு மென்பொருள் போனுக்குள்ளேயே உட்கார்ந்து, நீங்கள் பேசும்போது மைக்கிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

பெகாசஸ் மிகுந்த விலை கொடுத்து அரசுகள் வாங்கும் கருவி. அதைக் கடைக்காரர் மேல் ஏவுவது அரிது. சமுதாய அமைப்புகளின் பொறுப்பாளர்கள், வழக்கறிஞர்கள், பத்திரிகையில் இருக்கும் நம் பிள்ளைகள் கவனமாக இருக்க வேண்டும். போனின் மென்பொருளை உடனுக்குடன் புதுப்பிக்க வேண்டும், அடிக்கடி அணைத்துப் போட வேண்டும், ஐபோன் என்றால் 'லாக்டவுன் மோட்' வசதியை இயக்கிக்கொள்ள வேண்டும்.

அரசு சட்டப்படியே ஒட்டுக்கேட்பது வேறு விஷயம். இதில் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் வழங்கிய தீர்ப்பை நம்மில் பலர் கவனிக்கவில்லை. லஞ்சப் புகார் ஒன்றில், சென்னையைச் சேர்ந்த ஒரு நிறுவன நிர்வாகியின் போனை ஒட்டுக்கேட்க 2011இல் ஒன்றிய உள்துறை உத்தரவிட்டிருந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதை ரத்து செய்தார். பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு இருந்தால்தான் சட்டம் அனுமதிக்கிறது, ரகசியமாக நடக்கும் குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக மட்டும் ஒருவரின் பேச்சைக் கேட்க முடியாது என்றார். இதைப் படித்தபோது எனக்கு இமாம் மாவர்தி (ரஹ்) நினைவுக்கு வந்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில் இதையேதான் பேசுகிறார்கள்: மறைவாக நடப்பதைத் துருவ அதிகாரிக்கு உரிமை இல்லை; ஒருவனைக் கொலை செய்ய இழுத்துப் போகிறார்கள் என்பது போல, தாமதித்தால் மீட்க முடியாத தீங்கு பற்றி நம்பகமானவர் தகவல் சொன்னால் மட்டும் விதிவிலக்கு.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு தடைப்பட்டிருந்த காலத்தில் 'டோடாக்' என்றொரு செயலி இலவசமாக, தங்குதடையின்றி வேலை செய்தது. அது அந்நாட்டு அரசின் உளவுக் கருவி என்று அமெரிக்க அதிகாரிகளை மேற்கோள் காட்டி நியூயார்க் டைம்ஸ் 2019 டிசம்பரில் எழுதியது. நிறுவனம் மறுத்தது, கூகுளும் ஆப்பிளும் தங்கள் கடைகளிலிருந்து அதை நீக்கின. துபையில் இருக்கும் கணவரோடு பேச எந்தச் செயலி கிடைத்தாலும் போதும் என்று இறக்கிக்கொள்ளும் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எது எதற்கெல்லாம் 'அனுமதி' என்று அழுத்துகிறோம் என்பதைப் பார்க்க வேண்டாமா?

தொழுகை நேரம் காட்டும் செயலிகூட விலக்கல்ல. 9.8 கோடி முறை பதிவிறக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட 'முஸ்லிம் ப்ரோ'விலிருந்து பயனாளர்களின் இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்துக்குப் போனதும், அந்த நிறுவனம் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்களுக்குத் தகவல் விற்றதும் 2020 நவம்பரில் அம்பலமானது. செய்தி வந்த பிறகு முஸ்லிம் ப்ரோ அந்தத் தரகரோடு உறவை முறித்துக்கொண்டது. கிப்லா பார்க்க இருப்பிடம் தேவைதான். பார்த்து முடித்த பின்னும், நாள் முழுக்க எதற்கு?

இவ்வளவும் வெளியிலிருந்து வரும் காதுகள். ஜமாஅத் விசாரணைகளில் என் முன்னால் வருபவை பெரும்பாலும் வேறு. மனைவி தூங்கும்போது அவளுடைய வாட்ஸ்அப்பைத் தன் கணினியில் இணைத்துக்கொண்ட கணவன். புதுப் போன் வாங்கிக் கொடுத்து, அதில் பேச்சைப் பதிவு செய்யும் செயலியை மறைத்து வைத்து அனுப்பிய சபுராளி. கணவனின் போனில் அதையே செய்த மனைவியும் உண்டு. மருமகள் அவளுடைய உம்மாவோடு என்ன பேசுகிறாள் என்று கேட்கும் மாமியார் வீடும் உண்டு. இதற்கு இஸ்ரேல் நிறுவனம் தேவையில்லை. போன் ஐந்து நிமிடம் கையில் கிடைத்தால் போதும்.

இதைச் செய்பவர்கள் தொழுகையாளிகள்தான். "என் மனைவி, எனக்கு உரிமை இருக்கிறது" என்பார்கள். சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் துருவுவதைத் தடுக்கிறது. அங்கே மனைவிக்கு விதிவிலக்கு சொல்லப்படவில்லை. தாம் கேட்பதை விரும்பாதவர்களின் பேச்சை ஒட்டுக்கேட்பவரின் காதில் மறுமையில் உருக்கிய ஈயம் ஊற்றப்படும் என்ற நபிமொழி புகாரியில் இருக்கிறது. உமர் (ரலி) பற்றி நூல்களில் வரும் சம்பவத்தை பயான்களில் கேட்டிருப்பீர்கள். வீட்டுக்குள் பாவம் நடப்பதாக நினைத்துச் சுவரேறிக் குதித்த கலீஃபாவிடம், "நான் ஒரு தவறு செய்தேன், நீங்கள் மூன்று செய்தீர்கள்: துருவினீர்கள், வாசல் வழியாக வரவில்லை, அனுமதி கேட்கவில்லை" என்ற கருத்தில் அந்த மனிதர் பதில் சொன்னார். கலீஃபா திரும்பிப் போனார்கள்.

நாட்டின் நீதிமன்றங்களும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. பரமக்குடி நீதிமன்றத்தில் நடந்த விவாகரத்து வழக்கு ஒன்றில், மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அவரது அழைப்பு விவரங்களைக் கணவர் தாக்கல் செய்தார். 2024 அக்டோபரில் மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதை ஏற்க முடியாது என்றார். தனியுரிமை என்பது தம்பதிக்குள்ளும் உண்டு என்பது அவர் சொன்ன காரணம். ஒன்பது மாதம் கழித்து, 2025 ஜூலை 14இல், பஞ்சாபிலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபக்கம் போனது. மனைவிக்குத் தெரியாமல் பதிவு செய்த தொலைபேசிப் பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியமாகக் கொண்டுவரலாம் என்றது. ஒருவரையொருவர் வேவு பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டால் அந்தத் திருமணம் ஏற்கெனவே முறிந்துபோனதன் அடையாளம் அது என்றும் நீதிபதிகள் காரணம் கூறினார்கள்.

சட்ட நுணுக்கத்தில் அது சரியாக இருக்கலாம். மஹல்லாக்களில் பரவும் அர்த்தம்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது: "பதிவு பண்ணலாம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு." அப்படிச் சொல்லவில்லை. வந்து சேர்ந்த பதிவை நீதிபதி கேட்கலாம் என்றுதான் சொன்னது. உளவு பார்க்கும் செயலியை ஒருவர் போனில் அனுமதியில்லாமல் போடுவது இன்றைக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் சிக்க வைக்கக்கூடிய செயல். ஹலாலா என்றால், நீதிமன்றம் ஏற்றதால் எதுவும் ஹலால் ஆகிவிடாது.

பிள்ளைகள் விஷயம் வேறு. பதினொரு வயது மகனின் போனைப் பெற்றோர் கண்காணிப்பது பொறுப்பு. அதை அவனிடம் சொல்லிவிட்டே செய்யலாம்.

சகோதரிகள் தங்கள் போனில் சிலவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப் அமைப்புகளில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியைத் திறந்து, தெரியாத கணினி இருந்தால் நீக்கிவிடுங்கள். ஆண்ட்ராய்டில் 'ஆக்சசிபிலிட்டி' பகுதியில் பெயர் தெரியாத செயலிக்கு அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒளிந்திருக்கும் உளவுச் செயலிகள் பெரும்பாலும் அதைப் பிடித்துத்தான் வேலை செய்கின்றன. 'ப்ளே ப்ரொடெக்ட்' அணைக்கப்பட்டிருந்தால் யாரோ கை வைத்திருக்கலாம். கல்யாண அழைப்பிதழ், போக்குவரத்து அபராத ரசீது என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் தெரிந்தவரே அனுப்பினாலும் திறக்காதீர்கள். அவர் போன் ஏற்கெனவே திருடன் கையில் இருக்கலாம். "சிம் கார்டில் கோளாறு, 401 என்று தொடங்கும் எண்ணை அழுத்துங்கள்" என்று ஒருவன் பேசினால், உங்கள் அழைப்புகளைத் தன் எண்ணுக்குத் திருப்பப் பார்க்கிறான். இந்த மோசடிக்காகவே 2024 ஏப்ரலில் அந்த வசதியை நிறுத்தி வைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. பணம் போயிருந்தால் 1930க்கு உடனே அழையுங்கள்.

வீட்டில் அடி, மிரட்டல் இருக்கிற பெண்ணுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. செயலியை அவசரப்பட்டு நீக்காதீர்கள். நீக்கியது அவனுக்கு உடனே தெரிந்துவிடும். முதலில் வேறொருவர் போனிலிருந்து பெற்றோருக்கோ, 181 பெண்கள் உதவி எண்ணுக்கோ பேசுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை. குடும்பப் பஞ்சாயத்தில் பென் டிரைவை மேசையில் வைத்து, "கேளுங்க ஹஜ்ரத்" என்று எவர் வந்தாலும் அதைப் போடாதீர்கள். ஒரு பெண் தன் தாயிடம் அழுததைப் பதினைந்து ஆண்கள் உட்கார்ந்து கேட்கும் சபைக்கு மார்க்கத்தில் இடமில்லை. வழக்கு நீதிமன்றம் போனால் அங்கே நீதிபதி முடிவு செய்துகொள்ளட்டும். நம் பள்ளிவாசல் அலுவலகத்தில், ரகசியமாக எடுத்த பதிவுகள் ஏற்கப்படாது என்று தீர்மானம் எழுதி, நிக்காஹ் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம்.