சிஸ்டர் பேரு என்ன?

புகார் எழுதுவதில் நான் கில்லாடி. பி.காம். படித்ததில் உருப்படியாக மனசில் நின்றது அந்த 'கமர்ஷியல் கரஸ்பாண்டன்ஸ்' ஒன்றுதான். கூரியர் லேட்டா, காஸ் சிலிண்டர் எடை குறைச்சலா, கண்டக்டர் மீதிச் சில்லறை தரலையா... 'ஐயா, வணக்கம்' என்று ஆரம்பித்தால் மூன்று பக்கத்துக்குக் குறையாது. ஆனால் பாராட்டி ஒரு கடிதம்? கல்யாணத்துக்கு முன்னால் மனைவிக்கு எழுதியதோடு சரி ஸார். (அதை அவள் இப்போது எனக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்துவது தனிக் கதை!)

இந்த லட்சணத்தில், அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. சர்க்கரை. செருப்பு கடித்த புண்ணைப் பதினைந்து நாள் யாரிடமும் சொல்லாமல் சாக்ஸ் போட்டு மறைத்து வைத்திருந்தார். நரம்பு வழியாக மருந்து ஏற்றணும் என்று 11 நாள் படுக்க வைத்துவிட்டார்கள்.

இரண்டாம் நாள் காலை ஊசி போட ஒரு சின்னப் பெண் வந்தாள். புதுசு என்று கை நடுக்கத்திலேயே தெரிந்தது. முதல் குத்து... நரம்பு நழுவியது. இரண்டாவது... வீங்கிவிட்டது. மூன்றாவதுக்கு அப்பா "முருகா!" என்றார். நான் கத்தினேன். "பழகிக்க எங்கப்பா கைதான் கெடைச்சுதா உங்களுக்கு?" வார்டே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்ணின் உதடு துடித்தது. அப்போது அது எனக்கு வெற்றி மாதிரி இருந்தது.

பெரிய சிஸ்டர் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயசு. ஒன்று, அந்தப் பெண்ணைத் திட்டுவார். இல்லையென்றால் என்னோடு சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. "ஐயா, கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போடுங்க" என்றார். துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து முன்கையில் சுற்றினார். எந்த ஊரு, பேரன் எத்தனாவது படிக்கிறான் என்று ரெண்டு நிமிஷம் விசாரணை. நரம்பு மேலே எழும்பி வந்தது.

"ஐயா, இந்தப் பொண்ணே போடட்டுங்களா? நான் பக்கத்துலயே நிக்கறேன்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "போடும்மா" என்றார். இந்தத் தடவை ஒரே குத்து.

வராந்தாவில் சிஸ்டர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அந்தப் பொண்ணு நைட் டியூட்டி முடிஞ்சும் வீட்டுக்குப் போகல தம்பி. காலையில வர வேண்டிய ஆள் வரல." திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். திட்டவில்லையே!

ஏழாம் நாள் அவருக்கு நைட் டியூட்டி. ராத்திரி ஒண்ணரை மணிக்கு அப்பா நெளிந்துகொண்டிருந்தார். "தண்ணி வேணுமாப்பா? ஃபேனைக் கூட்டவா?" என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிஸ்டர் தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்தார்.

"தம்பி, போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

"கடை மூடியிருக்குமே சிஸ்டர்."

"அப்ப மூடியிருக்கான்னு பாத்துட்டு வாங்க."

போனேன். மூடித்தான் இருந்தது. திரும்பி வந்தபோது அப்பா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு அடியில் கழுவிக் கவிழ்த்த பெட்பேன். மகன் எதிரில் அதைக் கேட்க அவருக்குக் கூச்சம். முப்பத்தஞ்சு வருஷமாக எனக்கு அப்பாவைத் தெரியும். ஏழு நாள் பழக்கத்தில் அந்தம்மாவுக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை.

பத்தாம் நாள், "அவங்க எல்லாருக்கும் ஏதாவது ஸ்வீட் வாங்கிட்டு வாடா" என்றார் அப்பா. அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தேன். சிஸ்டர் டப்பாவைத் திறந்தார். "ஒரு துண்டு குறையுதே?" அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கேயோ படித்த ஒரு சமாசாரம் அப்போது ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் பாட்ரிக் பார்ன்ஸ் என்று ஒருவர். ரத்தத் தட்டணுக்களை உடம்பே அழித்துவிடுகிற வியாதி. எட்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, 1999-ல், 33 வயசில் போய்விட்டார். சாப்பாடே இறங்காமல் இருந்தவர், ஒருநாள் தன் அப்பா கையிலிருந்த, பட்டை மணக்கும் பன்னில் ஒரு வாய் கேட்டு வாங்கி, முழுசையும் சாப்பிட்டாராம். நாளைக்கும் வேணும், வார்டு நர்ஸுகளுக்கும் சேர்த்து வாங்கிட்டு வாங்க என்று சொன்னாராம். பிள்ளை போன பிறகு, அந்த நர்ஸுகள் காட்டிய பரிவை மறக்க முடியாமல் குடும்பத்தார் ஆரம்பித்ததுதான் டெய்ஸி விருது. நோயாளி, வீட்டு மனுஷர்கள், கூட வேலை பார்க்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் ஒரு நர்ஸைப் பற்றி எழுதிப் போடலாம். ஜிம்பாப்வே நாட்டு ஷோனா சிற்பிகள் செதுக்கிய கல் சிற்பம்தான் பரிசு. விழாவில் எல்லோருக்கும் அதே பட்டை பன்! இன்றைக்குப் பல நாடுகளில் கொடுக்கிறார்கள்.

நம் நாட்டிலும் 1973-லிருந்து தேசிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் விருது இருக்கிறது. ஜனாதிபதி கையால் வாங்குவது. ஆனால் ராத்திரி ஒண்ணரை மணி டீ விவகாரத்தை ஜனாதிபதிக்கு யார் போய்ச் சொல்வது?

டிஸ்சார்ஜ் அன்று பில்லோடு ஒரு தாள் கொடுத்தார்கள். கேன்டீன், பார்க்கிங், பாத்ரூம் எல்லாவற்றுக்கும் கட்டம். நர்ஸிங்குக்கும் ஒரு வரி: 'நன்று, சுமார், மோசம்'. தாளைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். காஷியர் முகம் வெளுத்துவிட்டது.

"எதுவா இருந்தாலும் மேனேஜர்கிட்ட பேசிக்கலாம் ஸார்..."

"பாராட்டு எழுதறேங்க."

"பாராட்டா?" அவர் நம்பவில்லை. அப்புறம் கேட்டார்: "எந்த சிஸ்டர் ஸார்? பேரு?"

பேனா நின்றுவிட்டது. அப்பாவின் பதினோரு நாள் சர்க்கரை அளவும் எனக்கு மனப்பாடம். பார்க்கிங் டோக்கன் நம்பர்கூடத் தெரியும். அவர் பேர் தெரியாது. சிஸ்டர்... அவ்வளவுதான்.

மாடி ஏறினேன். டியூட்டி முடிந்து போயிருந்தார். மருந்து வண்டி பக்கத்தில் அந்தச் சின்னப் பெண் மட்டும் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனாள். முதலில் மன்னிப்புக் கேட்டேன். நாக்கு குழறியது. "பரவால்ல ஸார்" என்றாள் தரையைப் பார்த்து. தாளை நீட்டிப் பேர் கேட்டேன். நின்று படித்தாள். பேரை முத்து முத்தாக எழுதினாள். பேனாவைத் திருப்பித் தரவில்லை.

"நானும் ரெண்டு வரி எழுதலாமா ஸார்?"

ரெண்டு வரி இல்லை. பக்கம் நிறைந்து, ஓரத்தில் வளைந்து மேலே ஏறியது எழுத்து. நான் படிக்கவில்லை. மடித்து எடுத்துக்கொண்டு கீழே வந்து, அங்கே இருந்த ஒரே பெட்டியில் போட்டேன். 'புகார்ப் பெட்டி' என்று எழுதியிருந்தது.