மதிப்பெண் சொல்லாததைப் பிள்ளை சொல்லும்



"இன்றைக்குப் பள்ளி எப்படி?" என்று கேட்டால், "நல்லா இருந்துச்சு" என்பதற்கு மேல் பிள்ளை வாய் திறப்பதில்லை. இது பெற்றோர் பலரின் குறை. முன்பு இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. பிள்ளை சொல்லாவிட்டாலும் தேர்வுத்தாள் சொல்லிவிடும் என்று நம்பியிருந்தோம். முதல் மூன்று ஆண்டு மாணவர்களுக்கான தேர்வுகள் 2019-இல் நிறுத்தப்பட்டன. 1988 முதல் நடைபெற்று வந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021-இல் நீக்கப்பட்டது. வகுப்பறை மதிப்பீடு 1 முதல் 6 வரை அடைவுநிலையைக் காட்டும். ஆனால், ஓய்வு நேரத்தில் பிள்ளை தனியே நின்றதை அது காட்டாது. உண்மையில், பழைய தேர்வுத்தாளும் அதைக் காட்டியதில்லை. அதைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

எங்கள் சுங்கை வே வட்டாரத்தில் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை செய்யும் பெற்றோர் பலர். மணிக்கணக்கில் பிள்ளையுடன் அமர அவர்களால் இயலாது. நாளுக்குப் பத்து நிமிடம் போதும் என்பது என் கருத்து. அதற்குச் சில வழிகள்:

1. பிள்ளை பசியாறிய பின் கேளுங்கள். பள்ளி வாசலிலேயே விசாரணையைத் தொடங்க வேண்டாம்.

2. கை வேலையாய் இருக்கும்போது பேச்சு எளிதில் வரும். கால அட்டவணைப்படி புத்தகப்பையை அடுக்கும் நேரம் நல்லது. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் காருக்குள் காத்திருக்கும் நேரமும் நல்லதே.

3. சிறிய கேள்வியாகக் கேளுங்கள். "ஓய்வு நேரத்தில் யார் பக்கத்தில் அமர்ந்து சாப்பிட்டாய்?", "இன்று எந்தப் பாடம் புரியவில்லை?" போன்ற கேள்விகளுக்கு "நல்லா இருந்துச்சு" என்று விடை சொல்ல முடியாது.

4. முதலில் உங்கள் நாளைச் சொல்லுங்கள். வேலையிடத்தில் நடந்ததை அம்மா கதையாகச் சொன்னால், பிள்ளையும் தன் கதையைச் சொல்லக் கற்கும்.

இவை அனைத்தையும் செய்தும் ஒரு சொல்லால் கெடுத்துவிடலாம். "நீ என்ன செய்தாய்? சும்மாவா ஆசிரியர் திட்டுவார்?" என்று உடனே பாய்ந்தால், மறுநாள் முதல் அந்த வாய் மூடிக்கொள்ளும். கேட்ட மாத்திரத்தில் வகுப்பு வாட்சாப் குழுவில் புகாராகப் பதிவிட்டாலும் அதே விளைவுதான். தன் சொல் ஊர்ச்சண்டையானதைக் கண்ட பிள்ளை மீண்டும் சொல்லத் துணியாது. முழுதாகக் கேளுங்கள், பிறகு வகுப்பாசிரியரை நேரில் சந்தியுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளியில் நடப்பதை வீட்டில் சொல்லாதே என்று எந்தக் காரணத்துக்காகவும் மாணவரிடம் கூறக்கூடாது. நம்மைப் பற்றிய குறையாயினும் பிள்ளை சொல்லட்டும். இன்று ஆசிரியரின் கடுஞ்சொல்லைச் சொல்ல அஞ்சும் பிள்ளை, நாளை தனக்கு நேரும் பெருந்தீங்கையும் மறைக்கும்.

வகுப்பில் நாம் பேச்சுத்திறனைக் கற்பிக்கிறோம். பயமின்றிப் பேசும் இடமாக வீடு அமைந்தால்தான் அத்திறன் பிள்ளையைக் காக்கும். இன்றிரவு புத்தகப்பையை அடுக்கும்போதே தொடங்கலாமே!